கடற்கரை வீட்டுக்குப் பொடுதலைத் தரை: கோரை எடுப்பதிலிருந்து இரண்டாம் வருடம் வரை

மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், ஏர்வாடி என்று ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டி வீடு கட்டியவர்களுக்கு ஒரே பாடுதான். வாசலைச் சுற்றி வெறும் மணல், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் வீட்டுக்குள் கூட்டி மாளாது, புல்தரை போடலாம் என்றால் ஊற்ற நல்ல தண்ணீர் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் தரையோடு ஒட்டிப் படர்ந்து, பிறகு அதிகம் கவனிப்பு கேட்காத ஒரு பச்சைத் தரையை உண்டாக்குவது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

படரும் தைம் செடியை இங்கே வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீடியோவில் ஊதா விரிப்பாகப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது குளிர்ந்த இரவும் நல்ல தண்ணீரும் கேட்கும் செடி. நம் சித்திரை வெயிலைத் தாண்டினாலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அடித்தண்டு அழுகிவிடும். கரிக்கும் தண்ணீர் அதற்குச் சுத்தமாக ஆகாது. நான் இரண்டு தொட்டியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் கார்த்திகையோடு போய்விட்டன. ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் தைம் வைக்கட்டும். நமக்குக் கண்மாய்க்கரையில் தானாகக் கிடக்கும் பொடுதலை போதும். அதுவும் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பாய்போலப் படரும், மிதி தாங்கும், பூவுக்குத் தேனீ வரும். கொஞ்சம் உப்பையும், நாலு நாள் நிற்கும் தண்ணீரையும், வேர் பிடித்தபின் வறட்சியையும் பொறுத்துக்கொள்ளும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நடுவது கடைசி. அதற்கு முந்தைய நாலு மாதத்தில்தான் பிற்பாடு வேலை குறைவதும் கூடுவதும் முடிவாகிறது. நான் பார்த்து, தரை பாழாய்ப்போன வீடுகளில் பெரும்பாலும் கொடி கையில் கிடைத்த அன்றைக்கே நட்டிருந்தார்கள்.

1. மாதம் குறிப்பது

நம் கரைக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதை மையமாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

ஆனியில் எருவைக் குவித்து மக்கவிட வேண்டும். ஆடி கடைசியில் மண்ணைக் கிளறிக் கோரைக் களையை எடுப்பது. ஆவணி முதல் வாரம் கரம்பையும் (கண்மாய் வண்டல்) எருவும் கலப்பது. அப்போதிருந்து புரட்டாசி முடிய, தண்ணீர் காட்டிக் களையை முளைக்க வைத்துப் பிடுங்குவது. புரட்டாசி பிறந்ததும் ஒரு பக்கம் நாற்று போட்டுவிடலாம். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்தபின் நடவு.

இரண்டு மழைக்குக் காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடை முழுக்க மேல்மண்ணில் சேர்ந்த உப்பை முதல் மழை கரைக்கும், இரண்டாவது கீழே இறக்கும். அதற்கு முன் நட்டால் பிஞ்சு வேர் அந்த உப்பில்தான் இறங்கும்.

பங்குனி சித்திரையில் நட வேண்டாம். வேர் பிடிக்கும் முன் வைகாசியில் கச்சான் வந்து மணலை வாரி இளங்கொடியை மூடிவிடும். அந்த வருடத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆனி வரை பொறுப்பதே மேல்.

2. இடம் பார்ப்பது

அரை நாளாவது நேர் வெயில் விழ வேண்டும். வேம்பு, புன்னை நிழலில் பொடுதலை சாகாது, ஆனால் வெளிச்சம் தேடித் தண்டு நீண்டு, இலை தூரம் தூரமாய் நின்று, தரை தெரியும். தென்னை நிழல் நகர்ந்துகொண்டே இருப்பதால் பரவாயில்லை.

அலைத்துளி நேரடியாகத் தெறிக்கும் தூரத்தில் வீடு இருந்தால், கடல் பார்த்த ஓரத்துக்கு அடம்பங்கொடிதான் சரி. அது மிதிக்கிற தரை இல்லை, மணலைப் பிடித்து வைக்கிற கொடி. அதற்குப் பின்னால் பொடுதலை வைக்கலாம்.

தேவிபட்டினம், திருப்பாலைக்குடிப் பக்கம் மண் மணலாக இல்லாமல் பிசுபிசுப்பாக, உவராக இருக்கும் இடங்களில் பாத்தியை அரை அடி உயர்த்திக்கொள்ளுங்கள். அங்கே உப்பு கழுவி இறங்க வழி வேண்டும்.

முதல் முறை 100 சதுர அடிக்கு மேல் தொடாதீர்கள். வாசலுக்கும் அடிபம்புக்கும் நடுவே உள்ள ஒரு துண்டு போதும். அது மூடிய பிறகு, அதிலிருந்தே மற்ற இடத்துக்குக் கொடி கிடைக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

மண்வெட்டி, களைக்கொத்து, கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் சல்லடை, கருக்கரிவாள், நான்கைந்து ஈரச்சாக்கு, பழைய பேசின்கள், தென்னங்கீற்று இரண்டு. அப்புறம் ஒரு கட்டு ஈர்க்கு. ஈர்க்கு எதற்கு என்பது நடவில் தெரியும்.

காய்ந்த கரம்பை மண் தேவை. ஆட்டெரு தேவை. ஆடும் கோழியும் உள்ளே வராதபடி வேலியும் வேண்டும். பனைமட்டை வேலி போதும். ஆடு கடிப்பதை விடக் கோழி சீய்ப்பதுதான் ஆபத்து. நட்ட மறுநாள் காலையில் ஒரு கோழி உள்ளே புகுந்தால் பத்து நாற்று வெளியே கிடக்கும்.

4. எருவை முன்கூட்டியே மக்க வைப்பது

நம் ஊரில் ஆடு தின்பது பாதி சீமைக்கருவேல நெற்று. அந்த விதை ஆட்டின் வயிற்றைத் தாண்டி முளைக்கும் பலத்தோடு வெளியே வரும். பச்சைப் புழுக்கையை அப்படியே பாத்தியில் கொட்டினால், நீங்கள் விதைப்பது கருவேலங்காடு.

ஆனியில் எருவை இடுப்புயரத்துக்குக் குவித்து, நன்றாக நனைத்து, சாக்கு போட்டு மூடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டி, காய்ந்திருந்தால் மறுபடி நனைக்க வேண்டும். உள்ளே கைவைக்க முடியாத சூடு வந்தால் நல்லது. ஆவணிக்குள் புழுக்கை உருண்டையாக இல்லாமல் விரலில் தேய்த்தால் பொடியாகும். இத்தனைக்குப் பிறகும் சில விதை தப்பும். அதற்கும் வழி ஆறாவது படியில் இருக்கிறது.

கரையில் ஒதுங்கும் பாசியை எருவாகப் போடலாமா என்றால், ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே நனைந்து உப்பு போன பாசியை மட்டும் போடலாம்.

5. கோரையை எடுப்பது

இந்த ஒரு படிக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

உச்சிப்புளியில் என் மதினி வீட்டில், தரை முழுக்கப் பொடுதலை நட்டு மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார். "தம்பி, நான் நட்டது பொடுதலை, நிக்கிறது கோரை. வாரா வாரம் பிடுங்குறேன், ஒண்ணைப் பிடுங்கினா ரெண்டா வருது" என்றார். போய்ப் பார்த்தேன். பொடுதலை செத்திருக்கவில்லை, ஒவ்வொரு கணுவுக்கும் இடையில் கோரை ஊசியாகக் குத்தி நின்றது. கோரையை வெட்ட மண்ணைக் கிளறினால் பொடுதலையின் வேரும் சேர்ந்து வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

கோரையை இழுத்தால் மேல்தாள் மட்டும் கையோடு வரும். கீழே மெல்லிய நரம்பு ஒன்று, அதன் முனையில் கருத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொரு நரம்பு, இன்னொரு கிழங்கு என்று சங்கிலியாகப் போகும். தலையைக் கிள்ளினால் தூங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு விழித்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்று இரண்டாகிறது.

ஆடி கடைசியில் மண்ணை ஓரடி ஆழத்துக்கு வெட்டிப் புரட்டுங்கள். மணல் காய்ந்திருக்கும்போது செய்தால் சலிப்பது சுலபம். ஒவ்வொரு மண்வெட்டி மண்ணையும் சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும். சல்லடையில் தங்குவதைக் கையால் அளையுங்கள். கொட்டைப்பாக்கை விடச் சின்னதாக, கருப்புத் தோலும் மயிர்போன்ற நாரும் உள்ளது கிழங்கு. கிள்ளினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், வாசம் வரும். எடுத்த கிழங்கைக் குப்பைக்குழியில் போடாதீர்கள்; எருவோடு சேர்ந்து திரும்பி வரும். காயவைத்து எரித்துவிடுங்கள்.

அருகம்புல்லின் வெள்ளைத் தண்டுத் துண்டுகளையும் இதே சலிப்பில் பிடித்துவிடலாம். நெருஞ்சி இருந்தால் முள்காய் உதிரும் முன் செடியோடு எடுத்துவிட வேண்டும். பின்னால் வெறுங்காலோடு நடக்கப்போகிற தரை இது.

100 சதுர அடிக்கு ஒருவர் வேலை செய்தால் மூன்று நான்கு நாள் ஆகும். முதுகு நோகும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

6. மண் கட்டுவதும் களையை வரவழைப்பதும்

வெறும் கடல் மணல் தண்ணீரைப் பிடிக்காது, சத்தையும் பிடிக்காது. அதற்குத்தான் கரம்பை. இரண்டு விரல் கனத்துக்குக் கரம்பை, ஒரு விரல் கனத்துக்கு மக்கிய எரு பரப்பி, மேல் அரை அடி மண்ணோடு கலக்க வேண்டும். கரம்பையை முதலில் வெயிலில் காயவைத்து, கட்டையால் தட்டிப் பொடியாக்குங்கள். கட்டியாகப் போட்டால் மணலுக்குள் கட்டியாகவே கிடக்கும்.

இதை நடவுக்கு முந்திய வாரம் செய்தால் வீண். கரம்பையிலும் கோரைக்கிழங்கு இருக்கும், எருவில் தப்பிய கருவேல விதை இருக்கும். இரண்டும் பாத்திக்குள் வந்த பிறகுதான் களை எடுக்கும் சுற்றைத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால், சலித்துச் சுத்தம் செய்த மண்ணில் நீங்களே மறுபடி களை போட்டதாகிவிடும்.

சரி, கலந்தாயிற்று. இப்போது நட்டது போலவே தண்ணீர் விடுங்கள். 100 சதுர அடிக்குச் சுமார் பத்துக் குடம், நாலு நாளைக்கு ஒரு முறை. பத்து நாளில் பச்சை தலைகாட்டும். கோரை ஊசியாக, கருவேலம் தடித்த இரண்டு விதையிலையோடு வரும். கருவேலத்தை அந்த இரண்டிலைப் பருவத்திலேயே இழுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ஆணிவேர் மணலில் ஆழமாக இறங்கி, இழுத்தால் முழுசாக வராது. கோரை முளைத்த இடத்தில் களைக்கொத்தால் தோண்டி, கிழங்கோடு எடுங்கள்.

இப்படி மூன்று சுற்று. முதல் சுற்றில் கூடை நிறைய வரும், மூன்றாவதில் ஒரு கைப்பிடி வரும். அந்தக் கைப்பிடி அளவுக்கு வந்தால்தான் பாத்தி தயார். நாலாவது சுற்று தேவைப்பட்டால் தயங்காமல் செய்யுங்கள்.

7. கொடி எடுப்பது

கண்மாய்க்கரை, வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம் எங்கும் பொடுதலை கிடக்கும். அடையாளம் சுலபம். இலை எதிரெதிராக, அடியில் குறுகி நுனியில் அகன்று, மேல்பாதி விளிம்பில் மட்டும் பல் இருக்கும். இலைக்கணுவிலிருந்து நீண்ட காம்பு எழும்பி, அதன் தலையில் கருஊதா நிறத்தில் சின்னத் தலைப்பூ, அதைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப்பூக்கள் வளையமாக நிற்கும்.

புதிதாகத் தேடுபவர்கள் வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்கி வந்துவிடுகிறார்கள். அதுவும் தரையில் படரும். ஆனால் அதன் இலை சொரசொரப்பான மயிரோடு, விளிம்பு முழுக்கப் பல்லாக இருக்கும். பூவின் நடு மஞ்சளாக இருக்கும்.

முடிந்தவரை உப்பு பூத்த மண்ணில், நேர் வெயிலில் கிடக்கும் கொடியாகப் பாருங்கள். வாய்க்கால் நிழலில் கொழுத்துக் கிடப்பது கண்ணுக்கு அழகாக இருக்கும். உங்கள் மணலுக்கு வந்ததும் வாடும். சாக்கடை ஓரத்தில் எடுக்க வேண்டாம். பிற்பாடு இலையைத் துவையலுக்கோ தலைக்கு எண்ணெய் காய்ச்சவோ பறிப்பீர்கள்.

சாயங்காலம் எடுங்கள். நீளக் கொடியாக வெட்டி, ஈரச்சாக்கில் சுருட்டி, அன்றைக்கே நறுக்கி நாற்றுக்காகப் பேசினில் ஊன்றிவிட வேண்டும். ஒரே இடத்தில் மொட்டையடிக்காமல் நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் அங்கேயும் தழைத்துவிடும்.

8. வேர் பிடிக்க வைப்பது

நேராகப் பாத்தியில் குத்தினாலும் மழைக்காலத்தில் பாதி பிழைக்கும். ஆனால் பாதி பிழைத்த பாத்தியில் இடைவெளி விழும், இடைவெளியில் களை வரும். அதனால் நாற்றாக வளர்த்து நடுவதே நல்லது.

பழைய பேசினில் அடியில் ஓட்டை போட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி நிரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் அவசியம்.

கொடியை நாலு கணு உள்ள துண்டுகளாக நறுக்குங்கள். அடியில் இரண்டு கணு மண்ணுக்குள், மேலே இரண்டு வெளியே. மண்ணுக்குள் போகும் கணுவில் இலையைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். கீற்று நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் வேர்விடும். ஒரு துண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். கை இழுப்புக்கு வராமல் நின்றால் பிடித்துவிட்டது. பிறகு ஒரு வாரம் காலை வெயில், அடுத்த வாரம் முழு வெயில். நிழலிலிருந்து நேராகப் பாத்திக்குப் போகும் நாற்று ஒரே நாளில் சுருண்டுவிடும்.

அடிக்கு ஒரு நாற்று என்ற கணக்கில் 100 சதுர அடிக்கு 100 நாற்று. சாகிறதற்கு ஈடாக 20 கூடப் போட்டுக்கொள்ளுங்கள்.

9. நடவு

மழை விட்ட மறுநாள் சாயங்காலம் நடுங்கள். ஓரடி இடைவெளி, இரண்டாவது வரிசையை முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக வையுங்கள். அப்படி நட்டால் கொடிகள் சீக்கிரம் கைகோர்க்கும்.

மணல் பாத்தியில் நாற்றைச் சற்றே பள்ளத்தில் வைக்க வேண்டும், உள்ளங்கைக்குழி அளவு. ஊற்றும் தண்ணீர் வேருக்கு வரும், காற்றும் அவ்வளவாகப் படாது. பிசுபிசுப்பு மண்ணில் இதற்கு நேர்மாறாக, மேட்டில் நடுங்கள்.

இப்போது ஈர்க்கு. ஒரு சாண் நீளத்துக்கு உடைத்து, நடுவில் மடக்கி, கொடியின் கணுவுக்கு மேலாகக் கவிழ்த்து மண்ணில் குத்துங்கள். கணு மண்ணைத் தொட்டால்தான் வேர்விடும். வாடைக்காற்றில் கொடி ஆடிக்கொண்டே இருந்தால் அந்தரத்திலேயே முற்றிவிடும். ஒரு நாற்றுக்கு இரண்டு ஈர்க்கு போதும். நாலு மாதத்தில் அது மக்கத் தொடங்கும், திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

10. தண்ணீர்

நட்ட முதல் பத்து நாள், மழை இல்லாத சாயங்காலங்களில் தினமும். அடுத்த ஒரு மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள். மார்கழி, தையில் வாரம் ஒரு முறை. முதல் கோடையில் வாரம் இரண்டு முறை. இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை ஊற்றினாலும் பிழைத்துக் கிடக்கும்.

அடிபம்புத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? அப்படியானால் தினம் கொஞ்சம் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலாக நனைத்த தண்ணீர் வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். பத்து நாளில் வெள்ளைப் பொருக்கு தட்டும். அதற்குப் பதில் இடைவெளி விட்டு, ஊற்றும்போது முழங்கை ஆழம் இறங்கும்படி நிறைய ஊற்றுங்கள். உப்பு வேருக்குக் கீழே போய்விடும். வெயில் நேரத்தில் இலைமேல் கரிக்கும் தண்ணீர் படக்கூடாது, விளிம்பு கருகும்.

கூரைத் தண்ணீர் இந்தப் பாத்திக்குள் விழும்படி ஒரு குழாய் திருப்பிவிட முடிந்தால், ஒவ்வொரு மழையும் உங்களுக்காக உப்பைக் கழுவும்.

11. மூடும் வரை, மூடிய பிறகு

தை வரை யாரும் மிதிக்க வேண்டாம். குறுக்கே நடக்கத்தான் வேண்டுமென்றால் நாலைந்து தட்டைக்கல் பதித்துவிடுங்கள். வாரம் ஒரு நாள் காலையில் அரைமணி நேரம் குனிந்து களை பாருங்கள். முந்தைய மூன்று சுற்றைச் சரியாகச் செய்திருந்தால் அரைமணியே அதிகம்.

வெற்றிடம் இருந்தால் பக்கத்துக் கொடியை அந்தப் பக்கம் திருப்பி ஈர்க்கு குத்துங்கள். யூரியா போடாதீர்கள். போட்டால் கொடி தரையை விட்டு எழும்பி நிற்கும்.

மூடிய பிறகு வருடத்துக்கு இரண்டு வெட்டு: கோடைப் பூ முடிந்ததும் ஆடியில் ஒன்று, தையில் ஒன்று. கருக்கரிவாளால் இரண்டு அங்குல உயரம் விட்டு அறுக்கலாம். அறுத்த கொடியைச் சாலையோரம் வீசாதீர்கள், விழுந்த இடத்தில் வேர்விடும். பாதைக்கும் சாக்கடைக்கும் ஓடுவதை நிறுத்த, பாத்தி ஓரத்தில் செங்கல்லை நெட்டாகப் புதைத்து, மாதம் ஒரு முறை அதைத் தாண்டுவதை மண்வெட்டியால் நறுக்கிவிட வேண்டும்.

பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் பக்கத்தில் மட்டும் பூக்காம்பை முன்கூட்டியே அறுத்துவிட்டு, மற்ற பக்கத்தைத் தேனீக்கு விட்டுவைக்கிறேன்.

12. கோளாறு வந்தால்

இலை செம்பழுப்பாக மாறுகிறதா? வெயிலும் வறட்சியும் கூடினால் அப்படி ஆகும். ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், வாரத்தில் திரும்பும்.

நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருந்தால், மண்ணில் சுண்ணாம்பு கூடி இரும்புச்சத்து ஏறவில்லை. பவளக்கல்லும் சிப்பியும் கலந்த மணலில் இது சகஜம். மக்கிய எருவைப் பொடியாகச் சலித்து, மழைக்கு முன் மேலே தூவுங்கள்.

விளிம்பு கருகி, மண் வெள்ளையாகத் தெரிந்தால் உப்பு. தண்ணீர் விடும் முறையை மாற்றுங்கள்.

கச்சான் மணலைக் கொட்டி மூடிவிட்டால் பதறாமல் தென்னை விளக்குமாற்றால் மெல்லக் கூட்டி எடுங்கள். ஒரு விரல் கனம் வரை மூடினால் தானே மேலே வந்துவிடும். தென்மேற்கு ஓரத்தில் பனைமட்டை வேலியை இரண்டாம் வருடம் வரை பிரிக்க வேண்டாம்.

நடுவில் வட்டமாகச் செத்துப்போனால் முதலில் கையால் தோண்டிப் பாருங்கள். எங்கள் வாசலில் அப்படி ஒரு வட்டம் விழுந்தபோது, அடியில் கொத்தனார் விட்டுப்போன சிமெண்டுக் கட்டி ஒரு சட்டி அளவு கிடந்தது. எடுத்துவிட்டு, அந்தக் குழியில் கரம்பை நிரப்பி, நாலு புறமிருந்தும் ஒவ்வொரு கொடியை இழுத்து ஈர்க்கு குத்தினேன். மாசியில் குத்தியது, பங்குனி முடிவதற்குள் வட்டம் இருந்த இடம் தெரியவில்லை.